முள் அசையாத நாட்கள்

மாமா வேண்டுமென்றே வண்டியில் ஏதோ செய்கிறார் என்று முதலில் சொன்னது நானா, அக்காவா என்பது இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அக்காதான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். கேட்ட இரண்டொருவரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னதில் அந்த வார்த்தைகள் அவள் குரலிலேயே எனக்குக் கேட்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அந்தக் காலையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அதில் அவள் வாயைத் திறக்கவே இல்லை. வாசலில் ஐஸ் பெட்டியை இடுப்பில் அணைத்தபடி நிற்கிறாள். மாமா பனியனோடு, ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, ஓட்டுநர் இருக்கையில் சரிந்து உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடிக்கிறது. அணைக்கிறார். மறுபடி திருப்புகிறார். மறுபடி பிடிக்கிறது. மூன்றாவது முறையும் செய்து காட்டிவிட்டு இறங்கி வந்து, சாவியை அக்காவின் கையில் கொடுக்காமல் ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைக்கிறார்.

"வண்டியில ஒண்ணுமில்ல மாப்ளே. சாவி போடறதுக்கும் ஒரு கை வேணும்" என்றார்.

நிற்பது அவர் மனைவி, வண்டி நின்றுபோய்த் தெருவில் தவித்தது அவர் மனைவி. ஆனால் சொன்னது என்னிடம். அக்காவைப் பற்றிய எதையும் அவர் என்னிடம்தான் சொல்வார், கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்று கடைக்காரரிடம் சொல்வதைப் போல. மனதுக்குள் நான் அவருக்குத் துரை என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு தொழிற்சாலையில் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அது மூடி நாலு வருஷம் ஆயிற்று. நாலு வருஷமாக வீட்டில்தான் இருந்தார், ஆனால் தலைசீவல், பேனா, கைக்கடிகாரம் எதுவும் குறையவில்லை. கிடங்குச் சாவிகள் இருந்த காலத்தில் மாற்றலாகிப் போன ஒரு வங்கி அதிகாரியிடமிருந்து வாங்கிய கார் அது. அப்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரத் துணியால் துடைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்துவார். அந்த ஒரு சுற்றில் ஒரு நாளும் அது அவரை ஏமாற்றியதில்லை.

ஏமாற்றியது அக்காவைத்தான். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கு விடிகாலையில் போய், ரத்தம் எடுத்து, சின்னக் குழாய்களில் பேர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஒன்பதரைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறேழு வீடுகள். ஒரு வீட்டில் பத்து நிமிடம், நரம்பு கிடைக்காத கை என்றால் பதினைந்து. முதல் வீட்டில் வண்டி ஒன்றும் செய்யாது. இரண்டாவதிலும் பெரும்பாலும் இல்லை. மூன்றாவது அல்லது நாலாவது வீட்டிலிருந்து வெளியே வந்து சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. எத்தனை தடவை திருப்பினாலும் வெறும் சுற்றல். அரை மணி, நாற்பது நிமிடம் கழித்துத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். அதுவும் தினமும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று. வெயில் ஏறாத நாட்களில் நிற்பதே இல்லை. பரிசோதனை நிலையத்தின் சூப்பர்வைசர் அம்மாள் ஏற்கெனவே இரண்டு முறை விளக்கம் எழுதி வாங்கிவிட்டாள். குழாயில் ரத்தம் கெட்டுப்போனால் நோயாளிக்கு மறுபடி ஊசி குத்த வேண்டும். அப்படி ஒரு புகார் வந்தால் அக்காவை உள்ளே உட்கார்ந்து பேர் எழுதும் வேலைக்கு மாற்றிவிடுவேன் என்றாள். பேர் எழுதும் வேலை என்பது பாதிச் சம்பளம். அந்த வீட்டில் இருந்ததே ஒரு சம்பளம்.

முதலில் வண்டியை டாக்டரிடம் கொண்டுபோனோம். மெக்கானிக்குக்கு அந்தப் பெயர் மாமா வைத்தது. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பான், அதனால். அவனிடம் அக்கா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவன் பார்வை மாமா பக்கம் போய்விட்டது. மாமா மீதியைத் தன் மொழிபெயர்ப்பில் சொன்னார். இவள் ஆக்ஸிலேட்டரை மிதிமிதி என்று மிதிக்கிறாள், பெட்ரோல் ரொம்பி எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம். டாக்டர் தலையாட்டினான். இருவரும் கிளினிக்கில் குழந்தையின் தலைக்கு மேலே பேசிக்கொள்ளும் பெரியவர்களைப் போல இருந்தார்கள். பேட்டரி மாற்றினான். அடுத்த வாரம் ஸ்பார்க் பிளக் மாற்றினான். அதற்கடுத்து பெட்ரோல் பம்ப்பை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் வண்டியை அவன் கையில் விட்டதும் ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவான், இன்னொரு வண்டிக்கு அடியில் படுப்பான், ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்புவான். வண்டி கிளம்பும். நோய் இல்லாத உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தான் குணப்படுத்தியதாகச் சொல்லும் வைத்தியன். அவன் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது பல்லில் வெற்றி தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடைகளிலும் சந்தைகளிலும் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அரசு அலுவலகத்தில் வேலை எனக்கு. பத்தொன்பது வருஷம். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், எடைக்கல்லின் வயிற்றில் குடைந்த ஓட்டை, எலக்ட்ரானிக் தராசில் ரகசியமாக அழுத்தும் பொத்தான் எல்லாம் பார்த்தவன். ஒரு தராசு ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தப்பாகவும் எடை காட்டினால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது. இது எனக்கு வேதம் மாதிரி. மனிதர்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்னவென்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

அதனால் நான் ஒரு கட்டம் போட்டேன். மூன்று வாரத்துக்கு, எந்தத் தேதியில் யார் ஓட்டினார்கள், எத்தனை வீடு, எங்கே நின்றது என்று. பதினான்கு நாட்கள் அக்கா ஓட்டியது. அதில் ஏழு நாட்கள் நின்றுபோனது. நான்கு நாட்கள் மாமா கூடப் போய் அவரே ஓட்டியது. நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று சவால் விட்டுப் போனவை. அந்த நான்கு நாட்களும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். தினமும் நீங்களே கூட்டிக்கொண்டு போகலாமே என்றதற்கு, நான் என்ன அவளுக்கு டிரைவரா என்றார். நான் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தப்பாகவும். எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த நாட்களில் அக்கா சொன்னவை இரண்டு விஷயம். ஒன்று, மாமா கூட வந்தால் பெட்ரோல் தண்ணீராகச் செலவாகிறது, அவள் வீட்டுக்குள் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்க அவர் வண்டியை அணைக்காமல் ஏ.சி.யைப் போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது. இதை ஒரு மனைவியின் புலம்பலாகக் காதில் வாங்கிக்கொண்டேன். இன்னொன்று, வண்டி நிற்கும்போது டேஷ்போர்டில் ஒரு முள் அசைவதில்லை என்பது. எந்த முள் என்று நான் கேட்கவில்லை. பெண்கள் இயந்திரங்களைப் பற்றிச் சொல்வது இந்த மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தேன். மாமாவைத் துரை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நான்தான் இதை நினைத்தேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம், மாமா வெளியே போயிருந்த நேரத்தில், அலுவலகத்திலிருந்து முறுக்குக் கம்பியும் ஈய வில்லைகளும் முத்திரை இடுக்கியும் எடுத்துக்கொண்டு போனேன். சொந்த வேலைக்கு அதை எடுத்துப்போனது தெரிந்தால் என் வேலை போயிருக்கும். பானெட்டின் இடுக்கு வழியாகக் கம்பியை விட்டு முன்பக்க கிரில் கம்பியில் சுற்றி, இரண்டு முனையையும் ஈயத்தில் கோத்து நசுக்கினேன். இனி யாரும் கம்பியை அறுக்காமல் பானெட்டைத் திறக்க முடியாது. அக்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் மாட்டப்போவது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அல்லது சொன்னேனோ. "துணி ஊறப் போட்டிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள். நான் ஈயத்தில் பதிந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தேன். நன்றாக விழுந்திருந்தது. அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க முடியாது.

நான்காம் நாள் வியாழக்கிழமை, ஐந்தாவது வீட்டின் முன்னால் வண்டி நாற்பத்தைந்து நிமிடம் நின்றது. அக்கா நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. ஐஸ் கரைந்து குழாய்கள் தண்ணீரில் மிதந்தன. இரண்டு குழாய்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் அம்மாள் குப்பையில் போட்டாள். அதில் ஒன்று எண்பது வயதுக் கிழவருடையது. இரண்டு கையிலும் தேடி, கடைசியில் புறங்கையில் குத்தி எடுத்தது. அவருக்கு மறுபடி குத்த வேண்டும் என்று போன் செய்ததும், கிழவரின் மகன் நிலையத்துக்கே வந்து கத்தியிருக்கிறான். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அம்மாள் விரலைக் காட்டினாளாம். இதையெல்லாம் அக்கா எனக்கு போனில் சொன்னாள், மளிகைப் பட்டியல் வாசிக்கிற குரலில். அலுவலகம் முடிந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகாமல் காரின் முன்னால் குனிந்தேன். கம்பி அறுந்து தொங்கியது. ஈய வில்லை தரையில் கிடந்தது.

மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஈயத்தை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைத் தூக்கி அதைப் பார்த்தார்.

"வண்டிக்கு மூக்கணாங்கயிறு போட்டது நீதானா? நான் எவனோ தெருப்பசங்கன்னு நெனச்சேன்."

"திறந்தீங்களா?"

"நேத்து நகவெட்டியால அறுத்துட்டுத் திறந்தேன். கண்ணாடி துடைக்கற தண்ணி தீந்துபோச்சு. ஊத்தினேன்."

நான் நின்றுகொண்டே பேசினேன். சோதனைக்குப் போன கடைகளில் எப்படிப் பேசுவேனோ அப்படி. கட்டத்தைச் சொன்னேன், பதினான்கு நாள், நான்கு நாள், முத்திரை, இன்று காலை. நீங்கள் ஓட்டினால் நிற்பதில்லை, நீங்கள் திறந்த பிறகு நிற்கிறது, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். வேலைக்குப் போகும் மனைவியைப் பொறுக்கமுடியாத ஒரு மனிதன் என்ன செய்வான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமாவின் முகம் முதலில் புரியாமல் விழித்தது. பிறகு புரிந்தது. புரிந்தபோது அதில் பயமோ கோபமோ வரவில்லை. ஒருவித நிமிர்வு வந்தது. நாலு வருஷமாக யாரும் அவரை ஒரு காரியத்துக்குக் காரணமாக நினைத்ததில்லை.

அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "வண்டியில ஏதாவது கழட்டினீங்களா? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க" என்றாள்.

மாமா பேப்பரை மடித்தார். என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"என் வண்டி. திறப்பேன், மூடுவேன், கழட்டுவேன், மாட்டுவேன். என்னான்னு கேக்க ஆபீஸ்லேர்ந்து ஆள் வருமா?"

மின்விசிறி பேப்பரின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மாமா அதன்மேல் கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்தார். நான் அந்தப் பதிலை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். பிடிபட்ட கடைக்காரர்கள் எல்லோரும் கடைசியில் இப்படித்தான் கடை என்னுடையது என்பார்கள். அக்கா உள்ளே போய் ஒரு பையில் துணிகளை வைத்தாள். மறுநாள் விடிகாலையில் அந்தப் பையும் ஐஸ் பெட்டியுமாக வாசலுக்கு வந்து, என் அறைக்குப் போவதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்கு வண்டி வேண்டும் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் மறுக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு, வண்டி தெருவில் திரும்பும்வரை, இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார் என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றாராம். மனைவி வீட்டைவிட்டுப் போகிறாள், இவர் போக்குவரத்துக் காவலர் வேலை பார்க்கிறார். இதை அக்கா சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் தனியாள். மாடியில் ஒன்றரை அறை. அறையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நான் பால்கனிப் பக்கம் படுத்தேன். பானெட்டுக்குப் புது முத்திரை போட்டேன். வானம் மூடியிருந்த வாரம் அது. ஒரு வாரம் வண்டி நிற்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் பார்த்தாயா என்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் குழாய்களில் ஒட்டும் சீட்டுகளைக் கத்தரித்துக்கொண்டிருப்பாள். எட்டாம் நாள் வெயில் அடித்தது. எனக்கு அன்று விடுப்பு. அவளோடு நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். உண்மையில் என் கண்டுபிடிப்பு வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து ரசிக்கத்தான் போனேன்.

நாலாவது வீடு. அவள் உள்ளே போய்ப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தாள். பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து பெல்ட்டைப் போட்டாள். சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஆக்ஸிலேட்டரில் அவள் கால் இல்லை. நான் பார்த்தேன். விட்டுவிட்டு மறுபடி திருப்பினாள். நான் இறங்கிப் போய்க் குனிந்தேன். கம்பி அறுபடவில்லை. என் எண் ஈயத்தில் தெளிவாக இருந்தது. இவ்வளவு யோக்கியமான ஒரு முத்திரையை நான் என் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

"உள்ள வா" என்றாள் அக்கா. வந்து உட்கார்ந்தேன்.

"இங்க பாரு. இந்த முள்ளு." எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் முள்ளைக் காட்டினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்க, முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. "மத்த நாள்ல சாவி போட்டதும் இது கொஞ்சம் துள்ளும். நிக்கற நாள்ல துள்ளாது. ஒரு தடவகூடத் தப்பினதில்ல. உன்கிட்ட மூணு தடவ சொன்னேன். அவர்கிட்டயும் சொன்னேன்."

எதிரே ஒரு வீட்டின் மதிலில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அப்படியானால் மாமா செய்யவில்லை போலிருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"அவருக்கு அந்தத் தண்ணி ஊத்தற எடத்தத் தவிர உள்ள எதுவும் தெரியாதுடா. அவரு பண்ணலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்கா வந்தே?"

அவள் பெல்ட்டைக் கழற்றினாள்.

"இல்லன்னு ஒரு வார்த்தை கேட்டேன். கேட்டது நான். உன்னப் பாத்துப் பதில் சொன்னாரு. நீ மட்டும் என்ன, அந்தக் கம்பியப் பாத்துப் பேசினே. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் செயிக்கறதுக்கு எனக்கு வேல போகணுமா?"

இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். மணி எட்டு நாற்பது. இன்னும் இரண்டு வீடு பாக்கி. அந்த இரண்டு வீட்டுக்கும் போன் செய்து நாளை வருவதாகச் சொன்னபடியே நடந்தாள். நான் தூக்கி வருகிறேன் என்று கையை நீட்டினேன். பெட்டியை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பெரிய சாலையில் ஒரு வாடகை வண்டியைக் கைகாட்டி நிறுத்துவதும், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவதும் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது இருபதுக்கு அவள் நிலையத்தில் கையெழுத்துப் போட்டாள் என்று பிறகு தெரிந்தது.

நான் நின்ற காரோடு நின்றேன். பெயின்ட் அடித்தவர்களில் ஒருவர் பெட்ரோல் பங்க் பக்கத்தில் கார் வயரிங் பார்க்கும் ஒரு வயர்மேன் இருப்பதாகச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான, எரிச்சலான மனிதர். பானெட்டைத் திறக்கும் முன் என்னிடம் கேள்வி கேட்டார். எவ்வளவு தூரம் ஓடி வந்தது, நிறுத்தி எத்தனை நிமிடம், காலையில் முதல் தடவை நிற்குமா, சுற்றும்போது முள் அசைகிறதா. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எல்லாமே அக்கா சொன்னவை. என் கட்டத்தில் இருந்த ஒன்றையும் அவர் கேட்கவில்லை. முத்திரைக் கம்பியைப் பார்த்து, இது என்ன என்றார். ஒன்றுமில்லை என்று நானே அறுத்தேன்.

எஞ்சினுக்குப் பின்னால், கீழே, விரல் நுழையாத ஓரிடத்தைக் காட்டினார். எஞ்சின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்லும் சின்ன சென்சார் அங்கே இருக்கிறதாம். வயதாகிவிட்டால் சூட்டில் செத்துவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். ஓடும்போது காற்று படுவதால் தாக்குப்பிடிக்கும். ஓடி நிறுத்திய பத்து பதினைந்து நிமிடத்தில்தான் உள்ளே சூடு உச்சத்துக்கு ஏறும். அதன் வாய் அடைத்துவிட்டால் எஞ்சினுக்குத் தீப்பொறியும் இல்லை, முள்ளுக்கு அசைவும் இல்லை. என் தண்ணீர் பாட்டிலை வாங்கி அந்த இடத்தில் மெதுவாக ஊற்றினார். ஆவி வந்தது. இரண்டு மூன்று நிமிடம் சும்மா நின்றோம். போடு என்றார். சாவியைத் திருப்பினேன். முள் துள்ளியது. எஞ்சின் பிடித்தது.

"முள்ளக் கவனிச்சது யாரு?" என்றார்.

"அக்கா."

"அந்தம்மா சொன்ன அன்னிக்கே வந்திருந்தா பத்து நிமிஷ வேலை." என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பிடிபட்ட கடைக்காரர்களைப் பார்க்கும் பார்வை அது. இவ்வளவு நாள் அப்படிப் பார்க்கும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன்.

அதன்பிறகே மாமா ஓட்டிய நான்கு நாட்களும் எனக்கு விளங்கின. அவர் எந்த வீட்டு முன்னாலும் எஞ்சினை அணைக்கவே இல்லை. ஏ.சி.யும் ரேடியோவும்தான் அவருடைய கைராசி. அதை அக்கா பெட்ரோல் கணக்காக என்னிடம் சொல்லியிருந்தாள். நான் தேதியை எழுதினேன், ஆளை எழுதினேன், அணைத்தார்களா என்று ஒரு பத்தி போடத் தோன்றவில்லை.

புது சென்சார் போட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொன்னாள், அவளுக்கு இனி அது வேண்டாமாம். வழி நெடுக மன்னிப்புக்கான வாக்கியங்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஆரம்பிப்பதா, நான் செய்தது அநியாயம் என்று ஆரம்பிப்பதா. மாமா கேட்டுக்கு வந்து முதலில் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவில் ஒரு கீறலைத் தேய்த்தார். சூட்டில் சென்சார் போயிருந்தது, அதுதான் காரணம் என்று சொன்னேன். அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல மாப்ளே, வண்டியில ஒண்ணுமில்லன்னு" என்றார்.

வாக்கியம் என் வாயிலேயே காய்ந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்கக்கூட அந்த ஆள் இடம் கொடுக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதன் இத்தனை அற்பமாகவும் இருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. குற்றமற்றவரை வெறுப்பது குற்றவாளியை வெறுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை. சாவியை நீட்டினேன். அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போல ஒரு நிமிடம் வைத்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக அவர் சட்டையில் பேனா இல்லை என்பதைக் கவனித்தேன்.

"அவ எப்ப வர்றா?" என்றார், மிக மெதுவாக.

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். உங்கள் கேள்வியை அவளிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுகூட எனக்கு வரவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. டாக்டர் பட்டறையை மூடிவிட்டுப் பழைய கார்களை வாங்கி விற்கிறான். நன்றாக இருக்கிறான். வயர்மேன் அந்தப் பங்க் பக்கத்திலேயே இருக்கிறார். என்னைக் கண்டால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. மாமா அதே வீட்டில் இருக்கிறார். அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்க அவர் ஒரு தடவையும் போகவில்லை. விவாகரத்தும் ஆகவில்லை. காரை விற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் துடைக்கிறார், கண் மங்கிவிட்டதால் தெருச் சுற்று மட்டும் இல்லை. சூப்பர்வைசர் அம்மாள் ஓய்வு பெற்றுப் போனாள். அந்த நாற்காலியில் இப்போது அக்கா இருக்கிறாள். அந்த மாதமே என் அறையிலிருந்து கிளம்பி நிலையத்துக்குப் பின் தெருவில் ஒரு அறை எடுத்து, ஸ்கூட்டர் வாங்கி, இன்னும் மூன்று வருஷம் வீடுவீடாகப் போனவள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. உள்ளூரிலேயே போட்டார்கள். அக்கா அதன்பிறகு என் அறைக்கு வந்ததில்லை, போன் செய்வதுமில்லை. நான் செய்தால் எடுக்கிறாள். நான் சொல்வதை நடுவில் வெட்டாமல் முடியும்வரை கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் ரத்தம் எடுத்த குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். அது மெல்ல வேகம் குறைந்து, இறங்கி, நிற்கும். சரி, வைக்கட்டுமா என்பாள்.